முதல் வரியிலிருந்து வருகிறவர்

அவரிடம் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் கேட்கக் கூடாது. காஸ் ஏஜென்சியிலிருந்து பேசிய ஒரு பெண் கேட்டுவிட்டாள். இவர் “ஒம்போது, எட்டு...” என்று முதலிலிருந்து தொடங்கினார். “கடைசி நாலு மட்டும் சொன்னா போதும்மா” என்றாள் அவள். இவர் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் “ஒம்போது, எட்டு...” என்றார். மூன்றாவது முறை அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

“நடுவுல பூந்து பூந்து பேசுனா நான் எப்போ கடைசிக்கு வர்றது? நீயே சொல்லு ஸ்டோர்ஸு” என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் வாசலில் லாரிகளை எடைபோடும் எடைமேடையில். நான் உள்ளே ஸ்டோர்ஸில். அதனால் அவருக்கு நான் ‘ஸ்டோர்ஸு’. அவரைக் கம்பெனி முழுவதும் ‘பாயம்மா’ என்றது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை, நானும் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. அவர் வேலையை விட்டு, மகனோடு வேறு ஊருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இதை என் பழைய நாட்குறிப்புகளைப் பார்த்து எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பி எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவது என்பது அவருக்கு வராது. பிரியாணியில் தயிர் எப்போது விடுவது என்று ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். கறி வாங்கக் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போனதிலிருந்து சொன்னார். தயிர் வருவதற்கு முன் கம்பெனி வந்துவிட்டது. மாலையில் பஸ் ஏறியதும் “தயிரு” என்று நினைவூட்டினேன். “கறி வாங்கறப்போ...” என்று தொடங்கினார். தயிர் எப்போது விட வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்னால் வந்து எடைமேடைக் கம்பத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை. விசாரிக்க வந்த பாதுகாப்பு அதிகாரி இளைஞர். எத்தனை மணிக்கு இடித்தது என்று மட்டுமே கேட்டார். பாயம்மா காலையில் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்தார். “அதெல்லாம் வேணாம்மா” என்றார் அதிகாரி. மறுபடியும் நாற்காலி. ஆறு முறை இப்படி ஆன பிறகு அவர் பேனாவை மூடிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு நிமிடம். எந்த லாரி எப்போது வந்தது, டீ எப்போது வந்தது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் எந்த நேரத்தில் கைப்பேசியைக் காதில் வைத்தார் என்று எல்லாம் வரிசையாக வந்தன. மற்ற நான்கு சாட்சிகளும் சொன்ன நேரம் முன்னே பின்னே இருந்தது. இவருடையதுதான் கேமராவில் பதிந்த நேரத்தோடு ஒத்துப்போனது. ஆனாலும் அதிகாரி போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அடுத்த தடவ யாராவது இடிக்கறதா இருந்தா, இவங்க லஞ்சுக்குப் போனப்புறம் இடிக்கச் சொல்லுங்க.”

கம்பெனி பஸ்ஸில் வலப்பக்கம் மூன்றாவது இருக்கை, ஜன்னலோரம், அவருடையது. ராயபுரம் கல்மண்டபத்தில் ஏறுவார். நான் டோல்கேட்டில் ஏறிப் பக்கத்தில் உட்காருவேன். நான் ஏறும்போதே அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். டிரைவரை நாங்கள் நைனா என்போம். பாயம்மாவின் உதட்டசைவு அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது.

“ஸ்டோர்ஸக்கா, நான் ஒரு பிரேக்கு அடிச்சா அதுக்கு வாயி ரெண்டு வாட்டி கூட ஆடுது. கண்ணாடில பாத்துகினேதான் வரேன். என்னைத்தான் சபிச்சிகினு வர்து. நான் இன்னா பண்ணேன் அதுக்கு?”

பாயம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. “உன்ன சபிக்கணும்னா சத்தமாவே சபிப்பேன் நைனா. நான் ஓதிகினு வரேன். நீ ரோட்ட பாத்து ஓட்டு.”

முழுக் குர்ஆனையும் மனப்பாடம் செய்தவரை ஹாஃபிழ் என்பார்கள், பெண்ணானால் ஹாஃபிழா. குர்ஆனை முப்பது பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாகம் ஒரு ஜுஸ்வு. பாயம்மா பத்து வயதில் மனனம் செய்யத் தொடங்கி மூன்று ஜுஸ்வு முடித்திருந்தார். பதினொன்றாவது வயதில் அம்மா படுக்கையில் விழ, இவர் அடுப்படிக்குப் போனார். ஓதுவது நின்றது. நாற்பத்தேழாவது வயதில், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் பெண்களுக்கு ஞாயிறு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். அங்கே ஓதிக்கொடுத்த, மார்க்கக் கல்வி பயின்ற ஆலிமா இவருடைய மகள் வயதுக்காரர். “மூணு ஜுஸ்வு ஞாபகம் இருக்கே, நாலாவதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்றாராம். அது நடக்குமா? பாயம்மா ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அவருக்கு ஞாயிறு தவிர மற்ற நாள்களில் ஓதுவதைக் கேட்க ஒரு காது தேவைப்பட்டது. என்னைக் கேட்டார். அரபில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாதே என்றேன்.

“தெரிஞ்சாதான் பேஜாரு. தெரிஞ்சவங்க நான் யோசிக்கறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுவாங்க. உனுக்குக் காது கீதில்ல? அது போதும்.”

எங்கள் முறை இதுதான். அவருடைய கைப்பேசியில் வேகமாக ஓதிய ஓர் ஒலிப்பதிவு இருந்தது. அதை இயர்போனில் ஒரு காதில் நான் வைத்துக்கொள்வேன். மறு காதில் அவர் ஓதுவார். இரண்டும் வேறுபட்டால் ஆள்காட்டி விரலைத் தூக்குவேன். இன்வாய்ஸைப் பார்த்துச் சரக்கைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு, இதுவும் அதுபோலத்தான். முதல் வாரம் அவர் மூச்சு விட்ட இடத்தில் எல்லாம் விரல் தூக்கினேன். “மூச்சு வுடறதுக்குக் கூடவா? உங்கிட்ட மாட்டுன சப்ளையரெல்லாம் எப்டி பொழைக்கறான்?” என்றார். இரண்டாம் வாரம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று சாலை அடைபடும் நாள்களில் மற்றவர்கள் தலையில் கைவைப்பார்கள். பாயம்மா “நல்லதாப் போச்சு” என்று இன்னொரு பக்கத்தைத் தொடங்குவார்.

தப்பு வந்தால் அந்தச் சொல்லைத் திருத்திவிட்டு மேலே போவார் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தின் முதல் வரிக்குப் போவார். எப்போதும் ஒரே பிரதியில் மனனம் செய்ததால், ஓதும்போது பக்கம் பக்கமாகவே அவருக்குக் கண்முன் வரும். பக்கத்துக்குப் பதினைந்து வரி. பதினான்காவது வரியில் விரலைத் தூக்க எனக்கே மனம் வராது. ஆனால் தூக்கினேன்.

ஷுஅரா என்று ஓர் அத்தியாயம் உண்டு. நபிமார்களின் பேச்சைக் கேட்காமல் அழிந்த கூட்டங்களின் கதைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கதைகளுக்கு நடுவில் ஒரே இரண்டு வசனங்கள் மொத்தம் எட்டு முறை வரும். அந்த வசனங்களைத் தாண்டியதும் எந்தக் கதைக்குள் நுழைவது என்பதில்தான் மனனம் செய்கிறவர்கள் வழி தவறுவார்களாம். ஒருநாள் பாயம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். ஸமூது கூட்டம் அழிந்தது. இரண்டு வசனம் வந்தது. இவர் அடுத்த கதைக்குப் போகாமல் ஸமூது கூட்டத்துக்கே திரும்பினார். நான் விரலைத் தூக்கினேன். கண் மூடியிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? டோல்கேட்டிலிருந்து தேரடிவரை அதே வட்டத்தில் சுற்றினார். கடைசியில் தோளைத் தொட்டு, “அதே கதை மூணு தடவ வந்துடுச்சு” என்றேன்.

கண்ணைத் திறந்தவர் கன்னத்தில் கைவைத்தார். “மூணு வாட்டியா? ஒரு வாட்டி பட்டதே போதாதா அதுங்களுக்கு!”

பிறகு அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே போனார். எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போதும் அந்தக் கூட்டம் இன்னும் வந்துசேரவில்லை.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று. முப்பது ஜுஸ்வும் முடிந்தன. பிரச்சினை அதன் பிறகுதான் வந்தது. ஹாஃபிழா என்று சொல்லிக்கொள்ள ஒரு தேர்வு உண்டு. வெளியிலிருந்து ஓர் ஆலிமா வருவார். எங்கோ ஒரு பக்கத்தைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு வசனத்தை ஓதிக் காட்டுவார். அதற்கடுத்ததை அந்த இடத்திலிருந்தே தொடர வேண்டும். பத்து எண்ணும் நேரத்துக்குள் தொடராவிட்டால் ஒரு தப்பு. பத்துக் கேள்வி. மூன்று தப்பானால் அடுத்த வருடம் வரவேண்டும்.

எல்லாக் கேள்வியும் நடுவிலிருந்து. தேர்வை யார் வகுத்தார்களோ, பாயம்மாவைப் பார்த்து வகுத்தது போலிருந்தது.

நான் தர்க்கம் பேசிப் பார்த்தேன். “நீங்க கல்மண்டபத்துல ஏறுறீங்க. நான் டோல்கேட்ல ஏறுறேன். நடுவுல ஏறுனா பஸ் என்னை ஏத்திக்காமலா போகுது? நான் என்ன கல்மண்டபம் போயா ஏறிட்டு வர்றேன்?”

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நீ ஏறற எடத்துக்கு பஸ்ஸு எங்கேர்ந்து வர்து? கல்மண்டபத்துலேர்ந்துதான?”

முன்னாலிருந்து நைனா, “கரெக்டா சொல்லுச்சு பாரு பாயம்மா!” என்று ஹாரன் அடித்தார்.

ஆகவே பஸ்ஸை நடுவிலிருந்து கிளப்ப முடியாது, கல்மண்டபத்திலிருந்தே வேகமாக ஓட்டலாம் என்று முடிவு செய்தோம். ஒலிப்பதிவை எங்காவது நகர்த்தி ஒரு வசனத்தை அவர் காதில் போடுவேன். அவர் அந்தப் பக்கத்தின் முதல் வரிக்குப் போய், மனத்துக்குள்ளேயே அங்கிருந்து ஓடிவந்து, அந்த வசனத்தைப் பிடித்து, வாய் திறந்து தொடர வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். முதல் நாள் நாற்பது விநாடி. பத்தாம் நாள் இருபத்தெட்டு. இரண்டு மாதத்தில் ஒன்பது. தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆறு விநாடிக்கு வந்தார். நைனா கண்ணாடியில் பார்த்து, “இன்னா ஸ்டோர்ஸக்கா, மைலேஜ் நல்லா கீதா?” என்று விசாரிப்பார்.

வீட்டில் இது ஒருவருக்கும் தெரியாது. வெறுமனே ஓதப் போகிறார் என்றுதான் கணவரும் மகனும் நினைத்திருந்தார்கள். முக்கியமாக அண்ணனுக்குத் தெரியாது. காசிமேட்டில் வலைக் கடை வைத்திருந்த அந்த அண்ணன், கல்யாண வீடுகளில் இவரைப் புதிதாகப் பார்ப்பவர்களிடம் நாற்பது வருடமாக ஒரே மாதிரி அறிமுகம் செய்வாராம்: “நம்ம தங்கச்சி. மூணு ஜுஸ்வு ஹாஃபிழா. மீதி இருவத்தேழு ஐஸ் பொட்டில கீது.” எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரித்துவிட்டுப் பந்தி பார்க்கப் போய்விடுவார். இதை அவர் எனக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை.

தோற்றால் அந்த அறிமுகத்துக்கு இன்னொரு வரி கூடும். அதனால்தான் மறைக்கிறார் என்று நான் நினைத்தேன். கேட்டும் பார்த்தேன்.

“பெயிலானா உனக்கு மட்டுந்தான் தெரியும்” என்றார். “உன்ன எண்ணூர் ஆத்துல தள்ளிட்டா வேல முடிஞ்சுது.”

தேர்வு ஞாயிறு காலை, வகுப்பு நடக்கும் அதே மாடியில். என்னையும் வரச் சொல்லியிருந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பாயின் கடைசியில் உட்கார்ந்தேன். தேர்வு வைக்க வந்த ஆலிமாவுக்கு முப்பது வயது இருக்கும். முன்னால் குர்ஆன், ஒரு தாள், ஒரு பேனா. பாயம்மாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது நிமிர்ந்தே இருந்தது.

முதல் கேள்வியிலேயே பதற்றத்தில் பக்கத்தின் முதல் வரியைச் சத்தமாக ஓதிவிட்டார். “அங்கேர்ந்து இல்லம்மா, நான் சொன்ன எடத்துலேர்ந்து” என்றார் ஆலிமா. குறுக்கே பேசியாயிற்று, இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாயம்மா மறுபடியும் முதல் வரிக்குப் போனார். பேனா தாளைத் தொட்டது. ஒரு தப்பு.

அடுத்த நான்கும் ஆறு ஏழு விநாடிக்குள் வந்தன. ஆறாவது கேள்வியில் அவர் மனத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தபோது கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் தோள் லேசாக அதிர்ந்தது. திரும்ப முதல் வரிக்குப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. பேனா மறுபடியும் தாளைத் தொட்டது. இரண்டு.

ஏழு, எட்டு, ஒன்பது சரியாக வந்தன. பத்தாவது கேள்வியாக ஆலிமா ஓதியது, ஷுஅராவில் திரும்பத் திரும்ப வரும் அந்த இரண்டு வசனங்களில் இரண்டாவது. அரபு தெரியாவிட்டாலும் அந்த வசனத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் காண்பேன். டோல்கேட்டிலிருந்து தேரடிவரை கேட்டதல்லவா?

பாயம்மா பேசவில்லை. ஆறு விநாடி போயிற்று. பத்து. பதினைந்து. ஆலிமா பேனாவை எடுத்தார். இருபது. எடுத்த பேனாவைத் தாளில் வைக்காமல், பாயம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஓயாமல் அசைந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து எனக்குத் தாடைதான் தெரிந்தது. முப்பது. அந்தக் கூட்டத்துக்குள் மறுபடியும் மாட்டிக்கொண்டாரா? எழுந்து போய்த் தோளைத் தொடலாம் போலிருந்தது. நாற்பத்தோராவது விநாடியில் குரல் வந்தது.

“இந்த வசனம் எட்டு எடத்துல வர்து. எத்தினாவதுக்கு அப்பறம் ஓதணும்?”

ஆலிமா பேனாவைக் கீழே வைத்தார். “இத கேக்கவா இவ்ளோ நேரம்?”

“எட்டு எடத்துக்கும் போயிட்டு வந்தேன்.”

ஆலிமா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “காலைலேர்ந்து மூணு பேர்கிட்ட இதையேதான் கேட்டேன். ஒடனே ஏதோ ஒண்ண புடிச்சு ஓதிட்டாங்க. அதத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா எதுன்னு கேக்கணும்னு யாருக்கும் தோணல.” பிறகு முகத்தைக் கண்டிப்பாக்கிக்கொண்டு, “ஏழாவதுக்கு அப்புறம் ஓதுங்க” என்றார்.

பாயம்மா ஓதினார். இந்த முறை ஆறு விநாடிக்கும் குறைவு. ஆலிமா இரண்டு வசனத்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அத்தியாயம் முடியும்வரை கேட்டுவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் இறங்கும்போது பாயம்மா பாதியில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். அவருடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

“இன்னா, இந்நேரத்துல? சுருக்கா சொல்லு, கடைல ஆளு கீது.”

“நான் பதினோரு வயசுல ஓதறத வுட்டேன்ல...”

“ஆமா, மூணு ஜுஸ்வு. அதுக்கு இன்னா இப்போ?”

பாயம்மா மூச்சு வாங்கினார். “நான் பதினோரு வயசுல ஓதறத வுட்டேன்ல...”

“அட, அது கேட்டாச்சும்மா. மேல சொல்லு.”

“நான் பதினோரு வயசுல...”

எனக்குப் பொறுக்கவில்லை. போனுக்கு அருகில் குனிந்து, “அண்ணே, முப்பது ஜுஸ்வும் முடிச்சிட்டாங்க. இப்பதான் பரீட்சை பாஸ் பண்ணாங்க” என்று சொல்லிவிட்டேன். பாயம்மா என்னை முறைத்த முறைப்பை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கம் கடையில் யாரோ நைலான் கயிற்றுக்கு அளவு சொல்வது மட்டும் கேட்டது.

“முப்பதுமா?” என்றார் அண்ணன்.

“ம்.”

“எத்தினி வருசமா ஓதற?”

“நாலு.”

“நாலு வருசம்... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ?”

“சொன்னா நீ நடுவுல பேசுவ.”

தோல்விக்குப் பயந்து மறைக்கிறார் என்று நான்கு வருடமாக நினைத்திருந்தவள் நான். போனை விட்டு விலகி ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

போனில் அண்ணன் யாரையோ அப்புறம் வரச் சொல்வது கேட்டது. பிறகு ஷட்டரை இழுத்து இறக்கும் சத்தம். திரும்ப வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“கடைய சாத்திட்டேன். மொதல்லேர்ந்து சொல்லு.”

பாயம்மா சேலையை ஒதுக்கிப் படியில் உட்கார்ந்தார். “நான் பதினோரு வயசுல ஓதறத வுட்டேன்ல...” என்று தொடங்கினார். அண்ணன் குறுக்கே பேசவில்லை. நானும்தான்.